பாலைத் தாண்டிய கால்

தீ மிதித்த அன்று நான் பாலைத் தாண்டிக் குதித்துவிட்டேன், அதனால்தான் என் கால் எரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பின்னால் அதற்கு அவ்வளவு இடம் இல்லை.

எங்கள் கோவில்களில் தீக்குழி முடியும் இடத்தில் இன்னொரு சிறு குழி உண்டு. அதில் பால் ஊற்றி வைத்திருப்பார்கள். நெருப்பில் நடந்து வருகிறவர் அதில் இறங்கிக் காலை நனைத்த பிறகே வெளியேற வேண்டும். அம்மன் கொடுத்த சூட்டை அங்கே அம்மனே திரும்ப வாங்கிக்கொள்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. நெருப்பில் வைத்த முதல் அடி எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்தது. நடுவில் நடந்தது எதுவும் நினைவில் இல்லை.

பால்குழியருகே குடத்தோடு நின்றிருந்தவன் சுப்பராயன், என் மனைவி வள்ளியம்மாவின் தம்பி. அவன்தான் மரத்தடிக்கு வந்து சொன்னான்.

"என்னா அத்தான், பாலைத் தாண்டி ஒரே குதி! உங்களைக் குதிரைப் பந்தயத்துல விட்டிருந்தா இன்னைக்கு நான் பணக்காரன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஊரான ரோஸ் ஹில்லில் நான் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. ஒருநாள் எனக்கும் கிடைத்தது என்று விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து எரிச்சல் வந்தது.

நான் தையல்காரன். காலால் மிதிக்கும் மெஷினில் வேலை. ஒரு மதியம் இடது காலில் நெருப்புத் துண்டு விழுந்த மாதிரி இருந்தது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து கரி சிதறிவிட்டது என்று குனிந்து தேடினேன். கரி இல்லை. பாதம் அவித்த நண்டைப் போலச் சிவந்திருந்தது. தொட்டால் கொதித்தது.

முதலில் குஷ்டம் என்று பயந்தேன். குஷ்டம் வந்தால் உணர்ச்சி இருக்காது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஊசியால் பெருவிரலில் குத்தினேன். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். "ஒன்றுமில்லை, நல்ல செய்தி" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் சுப்பராயன் சொன்னது ஞாபகம் வந்தது. சூடு உள்ளேயே தங்கிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஊரையே சிரிக்க வைக்கிறவன் அம்மனிடம் தவறிவிட்டான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? அடுத்த தீமிதி வரை பொறுத்து, இந்தத் தடவை ஒழுங்காகப் பாலில் இறங்கி, கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதுவரை தாங்க வேண்டுமே. காலைத் தொங்கவிட்டால் எரியும். காலை மூடிச் சப்பாத்து போட்டால் எரியும். குளிர்ந்த தண்ணீர் ஒன்றுதான் துணை. சந்தையில் மீன்காரரிடம் ஐஸ்கட்டி வாங்கி வாளியில் போட்டு, மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கால் மிதிக்கும், ஒரு கால் ஊறும். மீன் வாசனைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் கடைக்கு வந்தன. "வாடிக்கையாளர் கூடிவிட்டார்கள்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

வீட்டில் சிரிக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வள்ளியம்மா தூங்கும்போது தன் பாதத்தை என் பாதத்தின் மேல் வைத்துக்கொள்வாள். இப்போது அந்தச் சூட்டைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் நான் காலை இழுத்துக்கொண்ட வேகத்தில் அவள் விழித்துக்கொண்டாள். மறுநாள் முதல் கீழே பாயில் படுத்தாள்.

"டாக்டருகிட்ட போவோம்" என்பாள்.

"தீமிதி முடியட்டும்."

"தீமிதிக்கும் டாக்டருக்கும் என்னா?"

நான் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பிப்பேன். தோல் வெளுத்து, ஊறி, பிய்ந்து வந்தது. தீமிதிக்கான விரதம் தொடங்கும் முன்பே இடது காலின் கடைசி இரண்டு விரல்கள் கறுத்தன. அதைப் பார்த்த வள்ளியம்மா அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. டாக்ஸி கூட்டி வந்து நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் காலைத் தூக்கிப் பிடித்தார், வெளுத்தது. தொங்கவிட்டார், சிவந்தது. புறங்காலில் நாடி பார்த்தார். பிறகு காலை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். அவர் பேசியது எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில், தமிழில் எழுதுகிறேன்.

"மிசியே, முகம் எப்பவும் இப்படிச் சிவப்பா?"

"நல்ல சாப்பாடு டாக்டர்."

"குளிச்சிட்டு வந்தா உடம்பெல்லாம் சொறிவாரு" என்றாள் வள்ளியம்மா. "ரொம்ப வருஷமா."

டாக்டர் தலையாட்டினார். இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். மண்ணீரல் (பழைய இரத்த அணுக்களை அகற்றும் உறுப்பு) வீங்கியிருந்தது. இரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் அது பாகு போல மெதுவாக ஏறியதை நானே பார்த்தேன்.

நோய்க்கு இரண்டு பெயர் சொன்னார். பாலிசைத்தீமியா (எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் இரத்த அணுக்களைச் செய்து தள்ளுவது). அதனால் வந்தது எரித்ரோமெலால்ஜியா (சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டுக் கைகால் சிவந்து எரிவது). இரண்டாவது பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

"தீ மிதிச்சதால வந்ததா, டாக்டர்?"

"அதுக்கு ரொம்ப முன்னாலயே உள்ள ஆரம்பிச்சிருக்கும். ஐஸ்ல எவ்வளவு நாளா வைக்கிறீங்க?"

சொன்னேன். அவர் பேனாவை மூடினார். விரல்களின் இரத்த ஓட்டத்தை நோய் பாதி நிறுத்தியிருந்தது, மீதியை ஐஸ் பார்த்துக்கொண்டது என்றார். அன்று எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பிரின். தலைவலிக்கு என்று கடையில் என் ஊசிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்த அதே மாத்திரை. சாயங்காலம் எரிச்சல் அடங்கியது. நான் அழுதேன். வலி போனதால் அல்ல.

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

இதே எரிச்சலோடு யாராவது இதைப் படித்தால், ஒன்றே ஒன்று: வாளி வேண்டாம். இரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். அந்த மாத்திரையைக்கூட நீங்களாகப் போட வேண்டாம், டாக்டர் சொல்லட்டும்.

இது தீரும் நோய் இல்லை. அவ்வப்போது போய் இரத்தத்தை எடுத்து இளக்கிவிட்டு வருகிறேன். எனக்கு மாதம் என்பது நாட்காட்டியில் இல்லை. இரத்தம் கெட்டியாகிறது என்று முகம் சிவந்து சொல்லும்போது மாதம் முடிகிறது. மிதி மெஷினை விற்றுவிட்டுக் கையால் சுற்றும் மெஷின் வாங்கினேன். வள்ளியம்மா மறுபடி கட்டிலில் படுக்கிறாள், ஆனால் தூக்கத்திலும் காலை மடக்கியே வைத்திருக்கிறாள். வைக்கலாம் என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவள் கால் நம்பவில்லை. இல்லாத விரல்கள் இரண்டும் சில நாள் எரிகின்றன. அவற்றுக்கு எந்த மாத்திரையும் இல்லை.

டாக்டர் சொன்னதை என் புத்தி ஒப்புக்கொண்டது. ஆனால் பாலைத் தாண்டிய குற்றம் மட்டும் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், கொடி தைக்க ஓய்வில்லாத வேலை. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று பட்டைகளை இணைத்துக்கொண்டிருந்தேன். சுப்பராயன் தன் வீட்டுக் கொடியை வாங்க வந்தான். என் சப்பாத்தில் விரல் இல்லாமல் அமுங்கிக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தான்.

"அன்னைக்கு மட்டும் நான் பாலைத் தாண்டாம இருந்திருந்தா..." என்றேன், வேடிக்கையாகத்தான்.

"எந்தப் பால்?"

"நீதானே மச்சான் சொன்னே. மரத்தடியில."

அவனுக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்ததும் துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆயோ, அத்தான். அது சும்மா. நீங்க என்னைப் பண்ணுற கிண்டலுக்குப் பதிலா ஒண்ணு."

"அப்போ?"

"நீங்க பால்ல இறங்கி அப்படியே நின்னுட்டீங்க. கூப்பிட்டா வரலை. பின்னால வர்றவங்களுக்கு இடமில்லாம, நானும் அக்காவும்தான் தோளைப் பிடிச்சு வெளியே இழுத்தோம்."

வள்ளியம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை.

நடந்தது இதுதான். நான் பாலைத் தாண்டவில்லை. கணுக்கால் வரை பாலில் நின்றிருந்தேன், இரண்டு காலும், பத்து விரலும்.