உட்கார்ந்து கேட்ட கடைசிப் பாட்டு

கோலா சிலாங்கூர் மண்டபத்தில் ஞாயிறு மாலைகளில் ஜோடி நடனம் நடக்கும். ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் போவோம். அலுவலக விதிகளோடு வாழ்ந்து முடித்தவன் என்பதால் நடன விதிகளும் எனக்கு மனப்பாடம். ஒருவரோடு ஆட மறுத்த பெண், அந்தப் பாட்டு முடியும்வரை வேறு யாரோடும் ஆடக்கூடாது. இந்த விதியை எல்லோரும் மதித்தார்கள்; யாரும் பின்பற்றி நான் பார்த்ததில்லை.

அன்று கடைசிப் பாட்டுக்கு, எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஒருவர் என் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் வந்து கை நீட்டினார். லோரி ஓட்டும் கணவருக்காக மாலை முழுதும் காத்திருந்தவர் அந்தப் பெண்.

"கால் வலிக்குதுங்க" என்றார். கிராணி தலையசைத்துவிட்டுப் போனார்.

பாட்டு தொடங்கியதும் கணவர் செகிஞ்சானிலிருந்து வந்து சேர்ந்தார், சட்டை மாற்றி, முகத்தில் பவுடர் போட்டு.

"வா, வா, கடைசிப் பாட்டு லா!"

"உக்காருங்க. அந்தக் கிராணிகிட்ட இப்பதான் கால் வலின்னு சொன்னேன்."

"புருசனுக்குமா ரூலு?"

கணவருக்கு விலக்கு உண்டு என்று நான் முறைப்படி எடுத்துச் சொன்னேன்.

"இருக்கட்டும்ண்ணே. இப்ப எந்திரிச்சு ஆடுனா, அவரு மொகத்த எங்க வெச்சுக்குவாரு?"

கணவர் முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். அவர் கால் மட்டும் நாற்காலிக்கடியில் தாளம் போட்டது. எதிர்ச் சுவரோரம் கிராணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. வாரம் முழுதும் காத்திருந்த பாட்டை, அந்தப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

பாட்டு முடிந்ததும் ஆடியவர்களுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நான் அந்தப் பெண் பக்கம் திரும்பித் தட்டினேன். அதற்கு விதி எதுவும் இல்லை.