மாமி கட்டிய வெருளி

அந்த வருடம் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில் வந்தன. வாசலில் தோரணம் கட்டுவதா, எலும்புக்கூடு தொங்கவிடுவதா என்று எங்கள் வீட்டில் ஒரு கிழமையாக வழக்கு நடந்தது. மாவிலை இங்கே எங்கே கிடைக்கிறது, நாங்கள் கட்டுவதே பிளாஸ்டிக் தோரணம், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடும் தொங்கினால் என்ன குடிமுழுகிவிடும் என்பது என் கட்சி. "லட்சுமி வாற நாளிலை வாசலிலை எலும்பைத் தொங்கவிடப்போறீரோ?" என்பது கணவரின் கட்சி.

நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் மகள். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரின் மறுகோடியில் இருந்த மாடி வீட்டை விட்டு இந்தத் தெருவுக்குக் கோடையில்தான் குடிவந்திருந்தோம். புதுப் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பிலிருந்து ஒரு பிள்ளைகூட எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இவளையும் யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை. கேட்டால் "பரவாயில்லை அம்மா" என்பாள். எட்டு வயதுப் பிள்ளை சொல்கிற சொல்லா அது? ஹலோவீன் அன்று வகுப்புப் பிள்ளைகள் பேய் வேடம் போட்டு, இனிப்புக் கேட்டுக் கூட்டமாக இந்தத் தெருவுக்கு வருவார்களாம், அலங்கரித்த வீட்டு மணியை மட்டும்தான் அடிப்பார்களாம். "எங்கடை வீட்டுக்கும் வருவினம், என்ன?" என்று வாய் ஓயாமல் கேட்டாள்.

ஆகவே இருவருமாக வயலோரக் கடையொன்றுக்குப் போய்ப் பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தேடி எடுத்தோம். அவள் அதில் கண், மூக்கு, பல் எல்லாம் பேனாவால் வரைந்தாள். அப்பா வேலையால் வந்து வெட்டிக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார் என்று பின்கதவுக்கு வெளியே வைத்தோம். அங்கேதான் பிழை விட்டோம். குளிர் தொடங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்குப் பின்கதவுப் படிதான் இரண்டாவது ஃப்ரிட்ஜ். வெங்காயம், உருளைக்கிழங்கு, மிஞ்சின கறிச்சட்டி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

தீபாவளிக்கென்று டோர்ட்மண்டிலிருந்து கணவரின் அக்கா வந்திருந்தார். மகளுக்கு மாமி. நான் வேலை முடிந்து, மகளையும் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தபோது வீடு முழுக்கப் பூசணிக்காய்க் கறி வாசம்.

"ஆரோ அதிலை கிறுக்கி வைச்சிருந்தினம். நல்லாக் கழுவிப்போட்டுத்தான் வெட்டினனான்," என்றார் மாமி.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனால் நல்ல நாளில் வீட்டுக்கு வந்த பெரியவரை என்னவென்று சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அதற்குள் வந்துவிட்ட கணவர் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து, "ஆனால் கறி திறம்," என்றார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற இவரைப்போல ஆள் கிடையாது.

மகள் அழவில்லை. "பரவாயில்லை மாமி," என்றாள்.

மாமியின் முகம் சுண்டிப்போனது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார். "வெருட்டிறதுக்கு ஓர் உருவம்தானே வேணும்? எனக்கு வெருளி கட்டத் தெரியும். ஊரிலை எங்கடை வீடு கட்டேக்கை, கண்ணூறு படாமல் முன்னுக்கு வைச்ச வெருளி நான் கட்டினதுதான்."

முதலில் கணவரின் வேலை உடுப்புப் பறிபோனது. "அக்கா, அது திங்கட்கிழமை போடவேணும்," என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. மகள் முற்றத்து இலைகளை அள்ளி வந்து அதற்குள் திணித்தாள். தலைக்கு, அடிப்பிடித்துக் கறுத்த என் சட்டி. சுண்ணாம்பு இல்லாததால் கண்ணும் பல்லும் பற்பசையால். சிவப்புத் துணியில் முழ நீளத்துக்கு ஒரு நாக்கு. ஆள் நடமாட்டம் கண்டால் தானாக எரியும் வாசல் விளக்கின் கீழே கதிரை போட்டு அதை இருத்தினோம். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். என் கோபம் எந்த வழியால் போனதென்றே தெரியவில்லை.

இருட்டியதும் பிள்ளைகள் வந்தார்கள். மகள் சூனியக்காரித் தொப்பியோடு, கையில் இனிப்புக் கிண்ணத்தோடு யன்னலில் நின்றாள். வாசல் படலைக் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது, வெருளி பல்லைக் காட்டியது. வீரிட்டுக் கத்திக்கொண்டு பேய்களும் பிசாசுகளும் அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டன. இரண்டாவது கூட்டமும் அப்படியே. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது. வெருளியைக் குறை சொல்லவும் முடியாது, ஒருவரையும் அண்டவிடாமல் இருப்பதுதானே அதன் வேலை.

"இனி வரமாட்டினம்," என்று மகள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அந்தச் சனியனைத் தூக்கி எறிவோம் என்று நான் எழும்ப, மாமி முந்திக்கொண்டார். பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டை மாட்டி, இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு வெருளிக்குப் பக்கத்தில் அமர்ந்தார். அதன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, படலைக்கு வெளியே தயங்கி நின்ற அடுத்த கூட்டத்தைத் தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கூப்பிட்டார். வாருங்கள், இவர் நல்லவர், கடிக்கமாட்டார்.

இரத்தக்காட்டேரி வேடத்தில் ஒரு சிறுமி முதலில் வந்தாள். நாக்கைத் தொட்டுப் பார்த்துத் துள்ளிப் பின்வாங்கிச் சிரித்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். மணி அடித்தது. மகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"இது உன் வீடா?" என்றாள் காட்டேரி ஜெர்மனில். அதே வகுப்புப் பிள்ளை. "இதை யார் செய்தது?"

"என் மாமி. நானும்தான்."

"எப்படிச் செய்வதென்று காட்டுவாயா? நாளைக்குப் பள்ளி இல்லை. வரட்டுமா?"

மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு ஏன்? இப்போதே வா," என்றாள்.

காட்டேரி படலையில் நின்ற தன் தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினார். சிறுமி வாயிலிருந்த பிளாஸ்டிக் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.