சிவப்புத் தலைத் தடிகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில், மணற்காடு என்ற கடற்கரை ஊரில், சவுக்குக் காட்டை ஒட்டிய மணல் மேடுகளில் நடந்தது இது. அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஓடப் போயிருந்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இரத்தத்தில் சீனி கூடிவிட்டதென்று டொக்டர் சொன்னதிலிருந்து ஓடத் தொடங்கியவன். கொக்குவில் ஒழுங்கைகளில் தொடங்கி, நாய்களுக்குப் பயந்து றெயில் பாதையோரத்துக்கு மாறி, ஒரு வருடத்துக்குள் அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களுக்கூடாக நடக்கும் ஓட்டப் போட்டி ஒன்றுக்கு நானும் நண்பர்கள் நால்வரும் பெயர் கொடுத்தோம். கொடுத்த பிறகுதான், யாழ்ப்பாணத்தில் ஏறிப் பழக ஒரு மேடு கூட இல்லை என்பது உறைத்தது. கீரிமலை என்று பெயரில் மலை இருக்கிறது. போய்ப் பார்த்தால் கடலை நோக்கி இறங்குகிற படிகள்தான் இருக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது மணற்காட்டு மணல் மேடுகளை. பெரிய உயரமில்லை. ஆனால் ஓர் அடி ஏறினால் அரை அடி கீழே சறுக்கும். தொடை நரம்பெல்லாம் பேசும். மாதக் கணக்கில் ஞாயிறு தவறாமல் போனேன். ஒரு மனிதரைக்கூடக் கண்டதில்லை. இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஞாயிறு காலையில் அந்தக் கத்தோலிக்க ஊர் முழுக்கப் பூசைக்குப் போயிருக்கும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மற்ற ஆறு நாளும் கரையிலிருந்து மீன் பெட்டி சுமந்து வருகிற பெண்களுக்கும், விறகு பொறுக்குகிறவர்களுக்கும் அதுதான் குறுக்குப் பாதை.

நண்பர்களையும் கூட்டிவர நினைத்தேன். மணலில் வழி நிற்காது. காற்று ஒரு பகலில் எல்லாவற்றையும் அழித்துவிடும். அதனால் எங்கள் வேலியில் பூவரசந் தடிகள் வெட்டி, தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்று ஒவ்வொன்றின் தலைக்கும் சிவப்புப் பெயின்ற் அடித்தேன். கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய அரை ரின் வீட்டில் இருந்தது. நாற்பத்திரண்டு தடிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சீரான இடைவெளியில், மேடுகளைச் சுற்றி ஒரு வளையமாக நட்டுவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ப் புட்டுச் சாப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற யாராவது இதை வாசித்தால் இந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்வார்கள். முகமாலையைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே அந்த வரிசையை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். சிவப்புத் தலை வைத்த தடி, மண்டையோடு போட்ட பலகை. அதற்கு அப்பால் கண்ணிவெடி, கால் வைக்கக்கூடாது. குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் ஓட்டத்தைத் தவிர வேறெதுவும் அன்று என் நினைவில் இல்லை.

அடுத்த ஞாயிறு, தடிகளைக் காற்று விழுத்தியிருக்கிறதா என்று பார்க்க, வழக்கத்தைவிடப் பிந்தி, தனியே போனேன். காதில் பாட்டு. மோட்டார் சைக்கிளைச் சவுக்குக் காட்டோரம் விட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன். மூன்றாவது மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க நின்று திரும்பியபோது, கீழே ஒரு பெண் வருவது தெரிந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார். தலையைக் குனிந்து, ஓர் அடி வைத்து நின்று, மறு அடி வைத்து நின்று வந்தார். தோட்டையோ வேறெதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தேன். நேராக என்னை நோக்கித்தான் வந்தார். பிறகுதான் கவனித்தேன், நான் மணலில் விட்டுவந்த காலடிகளில் மட்டுமே அவர் கால் வைத்தார்.

கிட்ட வந்ததும் கையை உயர்த்தினார். காதில் இருந்ததைக் கழற்றினேன்.

"அசையாதேங்கோ தம்பி. நிண்ட இடத்திலையே நில்லுங்கோ. எவ்வளவு நேரமாக் கத்துறன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கையால் சுற்றிக் காட்டினார்.

"உந்தத் தடியளைக் காணேல்லையே? உதுக்குள்ளை வெடி கிடக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. நான் வந்த அதே காலடிகளில் தான் திரும்பி நடக்கப்போவதாகவும், தான் கால் வைக்கிற இடத்தில் மட்டும் நான் கால் வைக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். தான் ஆறு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்ததாகவும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு அவர் பின்னால் நடக்கத் தொடங்கினேன்.

இருபது அடி வரை அப்படியே போனேன். அந்த இருபது அடியும் என் கணக்கில்தான் சேர வேண்டும். பேசாமல் வெளியே போய், நன்றி சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு யோசனை உண்மையாகவே வந்தது. தடிகளை யார் நட்டதென்று யாருக்கும் தெரியாது. அவருடைய பிடரியில் வியர்வை வழிந்ததைப் பார்த்துக்கொண்டே அதை யோசித்தேன்.

சவுக்குக் காட்டு ஓரத்தில் இன்னொரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அது யார் என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது.

"என்ரை மச்சாள். ஏதும் வெடிச்சா உள்ளுக்கை ஓடிவராதை, றோட்டிலை நிண்டு ஆக்களைக் கூப்பிடு எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

திரும்பிப் பார்க்காமல், கடைக்குப் போய்வருகிற விஷயம் மாதிரி சொன்னார். நான் நின்றுவிட்டேன்.

"அக்கா, இந்தத் தடியள் நான் நட்டது. ஓடுறதுக்கு வழி தெரியவெண்டு."

அவரும் நின்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாமோ?"

"ஓம். எல்லாம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தார். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பிறகு அவர் சொன்னதிலிருந்து தெரிந்தவை இவை. திங்கட்கிழமை தடிகளைக் கண்டதிலிருந்து ஊர் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. காற்றுக்கு மணல் விலகிப் பழைய வெடி ஏதோ வெளியே வந்துவிட்டது, யாரோ வந்து எல்லை போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஊர் அலுவலரான விதானையாருக்கு அறிவித்தார்கள். அவரும் மேலிடத்துக்கு எழுதிவிட்டு, பதில் வரும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஒரு கிழமையாகப் பெண்கள் மீன் பெட்டியோடு றோட்டால் சுற்றி நடந்திருக்கிறார்கள். அன்றைக்குக் காலைப் பூசை முடிந்து மச்சாளும் இவரும் ஓரமாக விறகு பொறுக்க வந்த இடத்தில்தான், வெடிகளுக்கு நடுவே ஒருவன் துள்ளி ஓடுவதைக் கண்டிருக்கிறார்கள்.

தடிகளைப் பிடுங்கிவிட்டு ஊரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. மச்சாளை அனுப்பி ஊர்ச்சனத்தை வரச் சொன்னார்.

"சனம் பாத்துக்கொண்டு நிக்க நீங்களே பிடுங்குங்கோ. அப்பத்தான் அதுகள் நம்பும்."

முப்பது பேர் அளவில் வந்து காட்டோரத்தில் நின்றார்கள். முதல் தடியைப் பிடித்தபோது, நானே நட்ட தடி, அதன் கீழ் மணலைத் தவிர ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கை ஒரு கணம் தயங்கியது. அவர் தயங்கவேயில்லை. என்னோடு ஒவ்வொரு தடிக்கும் கூடவே வந்தார்.

நாற்பத்தொன்று கிடைத்தது. ஒன்றைக் காணவில்லை. மணல் மூடியிருக்கும், விடுங்கள் அக்கா என்றேன். ஒன்றை விட்டால் வேலை முடியவில்லை என்றார். முழந்தாளிட்டு, ஒரு மெல்லிய சவுக்கங் குச்சியை மணலில் சாய்வாக, மெதுவாகச் செருகிப் பார்த்தார். ஒரு சாண் தள்ளி மறுபடி செருகினார். பிறகு இன்னொரு சாண். வெயில் ஏறியது. நான் குடை பிடிக்கிற மாதிரி துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. குச்சி எதிலோ தட்டியதும் நிறுத்தி, விரல்களால் பக்கவாட்டில் மணலை விலக்கினார். சிவப்புத் தலை தெரிந்தது. அது பூவரசந் தடி என்று தெரிந்தும் அதை அவ்வளவு பக்குவமாக எடுத்தார்.

எடுத்த பிறகுதான் காட்டோரம் நின்றவர்கள் மேட்டில் ஏறினார்கள். ஒரு வயதானவர் மட்டும் என்னைப் பார்த்து, உமக்கு வேறை நிறம் கிடைக்கேல்லையோ என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்த அக்கா தடிகளின் சிவப்புத் தலைகளை மட்டும் முறித்து என் கையில் தந்தார். மிச்சத்தை அடுப்புக்கென்று கட்டிக்கொண்டார். இப்போதும் நாங்கள் அங்கே ஓடுகிறோம், பூசை முடிந்த பிறகு, ஊருக்குச் சொல்லிவிட்டு. சவுக்கங் கிளைகளில் அவர் தந்த நீல வலைக் கயிற்றுத் துண்டுகளைக் கட்டியிருக்கிறோம்.

மலைநாட்டுப் போட்டியையும் ஓடி முடித்தேன். என்னோடு ஓடியவர்கள் ஏற்றத்தைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு ஏற்றம் பெரிதாகத் தெரியவில்லை. காதில் பாட்டோடு ஓடுகிற முன்பின் தெரியாத ஒருவனுக்காக, உறவைக் காட்டோரத்தில் நிறுத்திவிட்டு, அவனுடைய காலடிகளில் கால் வைத்து நான் நடந்து போவேனா என்ற கேள்விதான் ஒவ்வொரு முறை ஓடும்போதும் வருகிறது, இன்றுவரை அதற்கு ஓம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.