நடுவில் தாழ்ந்த தடுப்பு

எங்கள் மண்வளப் பாதுகாப்பு அலுவலகம் தேடிப்போய்க் கொடுத்த உதவியை வேண்டாம் என்றவர் அந்த அக்கா ஒருவர்தான். ஊரில் அவருக்குக் காவல்காரி என்று பெயர். மழை பிடித்தால் போதும், குடையோடு வந்து தன் வயலைப் பிளந்து ஓடும் பள்ளத்தின் கரையில் நின்றுவிடுவார்.

அந்தப் பள்ளம் அவர் கணவர் கைவேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு பெருமழையில் பயிர் மூழ்கியது. தண்ணீர் வடியட்டும் என்று கீழ்வரப்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டார். எல்லாரும் செய்வதுதான். தேங்கிய தண்ணீர் மொத்தமும் அந்த ஒரு வெட்டு வழியே பாய்ந்து, வரப்போடு அவரையும் இழுத்துப்போனது. மண்வெட்டி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு மழைக்கும் அந்த வெட்டு மேட்டுப்பக்கமாக மண்ணைத் தின்றபடி ஏறியது. நான் போனபோது, வயலின் மேல்கோடியில் இருந்த அவர் வீட்டின் சமையலறைச் சுவரை நெருங்கியிருந்தது. சுவரில் விரல் நுழையும் விரிசல். அடுப்பை முன்னறைக்கு மாற்றியிருந்தார்.

"கல்லும் கூலியும் நாங்க தர்றோம்க்கா. பள்ளத்துக்குக் குறுக்க அடுக்கிட்டா மண்ணு நின்னுரும். இல்லேன்னா வீடு தங்காது."

"வீடு போனாப் போகட்டும் தம்பி. அவரு போன வழிய அடைச்சுட்டு, எது வழியா வருவாரு?"

பக்கத்தில் நின்ற அவர் கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணி, அண்ணன் இருந்தப்பவே சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல!"

"உங்க வாய முதல்ல அடைக்கணும்," என்றார் அக்கா. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு.

அப்போது சுவருக்குப் பின்னால் 'தொப்' என்று ஏதோ விழுந்தது. மழையே இல்லை. சிரிப்பு போய்விட்டது.

"கேட்டீங்களா? இன்னும் வெட்டிக்கிட்டுதான் இருக்காரு."

அடிமண் அரிக்கப்பட்டிருந்தால், மழை இல்லாதபோதும் மேல்மண் சரியும். அதைப் படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். படித்ததைச் சொல்லத்தான் சம்பளம். ஆனால் அதை விட்டுவிட்டு வேறொன்று சொன்னேன்.

"முழுசா அடைக்க மாட்டோம்க்கா. நடுவுல தாழ்வா விட்டுத்தான் கட்டுவோம்."

"ஒரு ஆளு தாண்டி வரலாமா?"

"வரலாம்."

பொய்யில்லை. வெள்ளம் கரையை அரிக்காமல் நடுவில் வழிய அப்படித்தான் கட்டுவோம். அவர் கேட்டது வெள்ளத்தைப் பற்றியல்ல என்பதும் எனக்குத் தெரியும். நான் செய்தது உதவியா, ஏமாற்றா? இன்னும் தெரியவில்லை. அவர் சம்மதித்தார்.

மேஸ்திரி கல்லடுக்கி முடித்த அன்று, அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். அதுவரை கரையைத் தாண்டியதில்லை. கீழ்ப்பக்கமாகக் கொஞ்சதூரம் போய்த் திரும்பி, வீட்டைப் பார்த்தபடி நடந்து வந்தார். தடுப்பின் நடுவில் காலெடுத்து வைத்துத் தாண்டினார். அங்கேயே நின்று யோசித்தார்.

"மேஸ்திரி, இதுல இன்னொரு கல்ல எடுத்துருங்க. அவருக்கு வலது முட்டி சரியா மடங்காது."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். ஒரு கல் குறைந்தாலும் தடுப்பு தாங்கும்.

எடுக்கச் சொன்னேன்.