அண்ணன் தொடவிடாத சைக்கிள்

அந்த சைக்கிளைத் துடைப்பதற்கென்றே அண்ணன் ஒரு மஞ்சள் துணி வைத்திருந்தார். சாயங்காலமானால் லயத்து வீட்டு வாசலில் அதைக் கவிழ்த்து வைத்து, தடித்த டயர்களின் பற்களுக்கிடையே ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் நோண்டி எடுப்பார். மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதுவரை யாரும் மலைச் சைக்கிளைப் பார்த்ததில்லை. எண்பதுகளின் பிற்பாதி அது. நெடுஞ்சாலை போட வந்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவருக்கு அண்ணன் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது அவர் தன் சைக்கிளை அண்ணனிடம் விட்டுப் போனார். அவரோடு அண்ணனின் வேலையும் போயிற்று.

அதன் பிறகு வீட்டுக்குள் சம்சு சாராய பாட்டில்கள் வந்தன. அண்ணி பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துக் குடும்பத்தை நடத்தினார். கறியில் உப்புக் குறைந்தால் அடி; பக்கத்து வீட்டில் நின்று பேசினால் அடி. ஒருமுறை அண்ணியின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து அறைந்து சாத்தினார். மறுநாள் அந்தக் கையோடுதான் அண்ணி வெட்டுக்குப் போனார். தடுக்கப் போனால் எனக்கும் விழும். என் இடது காது இன்றும் மந்தம்தான். அப்படி அடித்த கைதான் சைக்கிளை அவ்வளவு பதமாகத் துடைக்கும். அதை யாரும் தொடக்கூடாது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், மதியத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்த அண்ணி, வாசலில் நனைந்துகொண்டிருந்த சைக்கிளைத் தள்ளித் தாழ்வாரத்தில் நிறுத்தினார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அண்ணன், இருக்கையில் பால்கறை படிந்த விரல் தடத்தைப் பார்த்தார். காற்றடிக்கும் பம்பை எடுத்து அண்ணியின் தலையில் இறக்கினார். இரண்டாவது அடியில் மண்டை பிளந்தது. மழைத்தண்ணீரோடு ரத்தம் கழுத்தில் வழிந்தது. “இரு, வாரேன். இன்னிக்கு உன்ன வெட்டிப் போட்டுர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பாராங் கத்தியை எடுக்க உள்ளே போனார்.

“அண்ணி, ஓடுங்க!” என்று அலறினேன்.

அண்ணி ஓடவில்லை, சைக்கிளில் ஏறினார். சிறுவயதில் தாப்பா ஊரில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளிலேயே போய் வந்தவர் அவர். அண்ணன் பாராங்கோடு மோட்டார் சைக்கிளில் துரத்தினார். நான் மரங்களுக்கிடையே குறுக்கு வழியில் ஓடினேன். மேட்டுப் பாதை முழுக்க வேரும் சேறும். மோட்டார் வழுக்கி விழுந்தது. சைக்கிளோ வேர்களைக் கடித்துக்கொண்டு மேலேறியது. ஆனால் மேட்டின் உச்சியில் கண் இருட்டி அண்ணி கால் ஊன்றிவிட்டார். அண்ணன் ஓடியே எட்டிப் பிடித்தார்.

பாராங்கை ஓங்கினார். அண்ணி சைக்கிளை இரண்டு கைகளாலும் தூக்கி முன்னால் பிடித்தார். கத்தி மேல் குழாயில் பட்டு நெருப்புத் தெறித்தது. மறுபடி ஓங்குவதற்குள் அண்ணி சைக்கிளோடு அவர்மேல் மோதினார். அவர் பாதையோரக் கால்வாய்ச் சரிவில் மல்லாந்து விழுந்தார். பாராங் தண்ணீருக்குள் போயிற்று. அண்ணி நிறுத்தவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி அவருடைய முழங்காலில் குத்தினார். திரும்பவும் தூக்கினார், திரும்பவும் குத்தினார். எலும்பு முறிந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. “வேணாம்டி, விட்டுரு” என்று அண்ணன் அழுதார். வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் வெட்டு ஆட்களும் வந்து இழுத்துப் பிடிக்கும்வரை அந்தச் சக்கரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

அண்ணன் பிழைத்தார், கால் மட்டும் கடைசிவரை நேராகவில்லை. தலையில் தையலோடு அண்ணி போலீசில் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு ஈப்போவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலையில் சேர்ந்தார். சைக்கிளையும் கொண்டுபோனார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உடன்பிறந்தவரை விட்டுவிட்டு அண்ணியோடு போனவள் என்று சொந்தக்காரர்கள் ஏசினார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. அந்த சைக்கிளில்தான் அண்ணி வெகுகாலம் வேலைக்குப் போய்வந்தார்.

அண்ணன் இறந்து பல வருடமாகிவிட்டது. போன மாதம் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஓர் இளைஞர், எங்கள் கொட்டகையில் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பழைய சைக்கிள் சேர்ப்பவராம்.

“அம்மா, தயவுசெஞ்சு இதுக்குப் பெயிண்ட் அடிச்சிராதீங்க லா. சின்னப் பட்டறையில கையால பத்தவச்ச இரும்புச் சட்டம் இது. கொஞ்சம்தான் செஞ்சிருப்பாங்க. கியர், பிரேக்கு, பெயிண்டு, எல்லாமே முதல்ல வந்ததுதான் இருக்கு. இந்த மாதிரி மாத்தாம இருக்கறதத்தான் பின்னால தேடுவாங்க. எத்தனை புதுசு வந்தாலும் இதுக்கு மவுசு போகாது.”

பேசிக்கொண்டே தடவிப் போன அவர் விரல் மேல் குழாயின் வெட்டில் நின்றது. “இது என்னம்மா? சில சைக்கிளுக்கு இந்த மாதிரி ஒரு கதை இருந்தா, மதிப்பு இன்னும் ஏறும்.”

நான் அண்ணியைப் பார்த்தேன்.

“கதையெல்லாம் இல்லப்பா. லோரியில ஏத்தும்போது இடிச்சிருச்சு” என்றார் அண்ணி. “வேணும்னா எடுத்துட்டுப் போ. எனக்கு இப்ப மூட்டு வலி, மிதிக்க முடியல.”

அந்த இளைஞர் நம்பமுடியாமல் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். வண்டி திரும்பியதும், “ஏன் அண்ணி சொல்லல?” என்று கேட்டேன்.

“அவன் சைக்கிளுக்குக் கதை கேக்குறான். மண்ட உடஞ்சது எனக்குல்ல?” என்றார். “நீதான் என்னமோ எழுதுறியே, எழுது. என் கதையா எழுது” என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.