தறிக்கூடத்துச் சுவரும் ஆறாம் வகுப்பும்

"திருமதி மா. பூமாரி அவர்கள் மென்மையான பேச்சும் அளவற்ற பொறுமையும் கொண்டவர். மேலிடத்து ஆலோசனைகளை மறுபேச்சின்றி ஏற்றுச் செயல்படுபவர். தோட்டக்கலையில் ஈடுபாடு மிக்கவர்."

சங்கரன்கோவிலில் இந்த ஜூன் மாதம் மூன்று தொடக்கப்பள்ளிகள் நடுநிலைப்பள்ளிகளாக உயர்ந்தன. கல்வி மேம்பாட்டுக் குழு என்ற பெயரில் கூடிய ஊர்ப் பெரியவர்கள், வழவழப்பான தாளில் ஓர் அறிமுக நோட்டீஸ் அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். மூன்று பள்ளிகள், மூன்று தலைமையாசிரியர்கள், மூன்று புகைப்படங்கள். மூவருக்கும் ஒரே வாசகம்தான். கடைசி வரி மட்டும் மாறியது. ஒருவருக்கு இசை, ஒருவருக்கு யோகா. பூமாரி டீச்சருக்கு மிச்சமிருந்தது தோட்டம். அவர் வீட்டு மாடியில் கற்றாழையே காய்ந்துபோனது தெருவுக்கே தெரியும்.

பொறுமையும் அந்தக் கற்றாழை மாதிரிதான். பேச்சோ, ராயகிரிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்ட குடும்பத்துப் பேச்சு. நாலு வயல் தள்ளி மேயும் ஆட்டை, நின்ற இடத்திலிருந்தே திருப்பிக் கூப்பிட்ட குரல். இருபத்தாறு வருட வேலையில் அவர் ஒரு விழாவிலும் மைக்கைத் தொட்டதில்லை.

அந்தக் குரல்தான் ஆறாம் வகுப்பில் தோற்றது.

பள்ளியில் ஐந்து அறைகள். ஐந்து வகுப்புகள் ஏற்கெனவே இருந்தன. ஆறாம் வகுப்புக்குக் குழுத் தலைவர் தில்லைநாயகம் தன் பழைய சரக்குக் கிட்டங்கியை இலவசமாகக் கொடுத்தார். கொடுத்த கையோடு வாசலில் தன் தகப்பனார் பெயரில் ஒரு கல்வெட்டும் பதித்தார். இலவசம் என்பதில் ஒரு வசதி உண்டு: யாரும் குறை சொல்ல முடியாது. கிட்டங்கியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறிகள் காலை ஆறு மணியிலிருந்து ஓடுகின்றன என்பதைக் கல்வெட்டு குறிப்பிடவில்லை.

மேசை மேல் வைத்த சாக்பீஸ் டப்பா தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. முதல் இரண்டு வரிசைக்குப் பாதி கேட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள், டீச்சர் வாயசைப்பதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலாவுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்கூடத்தில் எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவள் உதட்டைப் படித்து மற்றவர்களுக்குச் சைகையில் சொன்னாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் போயிற்று.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அதில் இருபத்திரண்டு பெண்கள். போன வருடம் ஐந்து முடித்த பெண்களில் நாலு பேர், ஆறாம் வகுப்புக்கு ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டுமே என்று வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களையும் டீச்சர் வீடு வீடாகப் போய் இழுத்துவந்து சேர்த்திருந்தார். இந்த வகுப்பு கலைந்தால் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போவார்கள் என்று அதிகாரிகள் சொல்லலாம். எங்கே போவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் சுவரின் அந்தப் பக்கம் போனார். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் சங்கரசுப்பு, கோகிலாவின் அப்பா.

"ஏவே, பகல்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தக் கூடாதா? உம்ம மகதான அங்கன உக்காந்திருக்கா?"

"நான் தறிய நிறுத்துனா மொதலாளி என்னைய நிறுத்திருவாரு டீச்சர். எம் மக படிக்கணும்னுதான இதையே ஓட்டுதேன்."

மகளின் படிப்புக்காக ஓடும் தறிதான் மகளின் பாடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. கோபப்பட அங்கே ஆளில்லை. கோபம் அப்படியே மிச்சமாகித் தெருவுக்கு வந்தது.

அதைக் கொண்டுபோய் இறக்கிய இடம் குழுவின் கூட்ட அரங்கு. கடைவீதியில், தில்லைநாயகத்தின் கடைக்கு மேல் மாடி. குளிர்சாதனம், கண்ணாடிச் சன்னல், நாற்பது மெத்தை நாற்காலிகள். மாதம் ஒரு கூட்டம்.

"கிட்டங்கியில ஒரு எழவும் கேக்கல அண்ணாச்சி. வேற எடம் பாருங்க."

தில்லைநாயகம் காதைத் தேய்த்துக்கொண்டார். "எதுக்கும்மா கத்துத? இங்கன எல்லாம் நல்லாத்தான கேக்கு."

"இங்கன கேக்கும். அங்கன வந்து உக்காந்து பாருங்க."

"இருக்கட்டும். அடுத்த வாரம் மாவட்டத்துல இருந்து கட்டடம் பாக்க வாராங்க. செவ்வாக்கிழமைன்னு நானே தேதி கேட்டிருக்கேன். அவங்க சொல்லட்டும், மாத்திருவோம்."

நியாயமான பேச்சு என்றுதான் டீச்சர் நினைத்தார். திங்கட்கிழமைப் பேப்பரைப் பிரிக்கும் வரை. செவ்வாய், மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை.

மாதத்தில் தறி ஓடாத ஒரு நாள்.

அதிகாரி பதினொரு மணிக்கு வந்தார். கிட்டங்கியில் புறா சிறகடிப்பதுகூடக் கேட்டது. தில்லைநாயகம் மிக மெதுவாகப் பேசினார். அந்த அமைதியைக் கலைக்க அவருக்கே மனமில்லை போல. அதிகாரி, "படிப்புக்கு ஏத்த அமைதியான சூழல்" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

"சார், அஞ்சு மணி வரைக்கும் இருங்க. கரண்டு வரட்டும். அப்புறம் எழுதுங்க."

"தென்காசியில மீட்டிங் இருக்கும்மா. நீங்க கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன். முப்பத்தெட்டுப் பிள்ளையளுக்குக் காது கேக்கலன்னு சொல்லுதேன், நீங்க கேக்குதுன்னு எழுதுதீங்க. இதுல எவம் கையெழுத்துப் போடுவான்?"

"டீச்சர்," என்றார் தில்லைநாயகம், "பெரிய அதிகாரி முன்னால கொஞ்சம் பொறுமையா..."

"பொறுமையெல்லாம் நீரு அடிச்ச நோட்டீஸ்லதான் இருக்கு. அங்கன போய்த் தேடும்!"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அதிகாரி வெறுமனே அதிகாரி, கெட்டவர் அல்ல. கையெழுத்து இல்லாமல் ஆறாம் வகுப்புக்கு அனுமதி வராது, பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்துவிட வேண்டியதுதான் என்று விளக்கினார். படிவத்தை டீச்சரிடமே விட்டு, மறுநாள் மாலைக்குள் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். போட்டால் பொய். போடாவிட்டால் இருபத்திரண்டு பெண்களும் தெருவுக்கு.

புதன்கிழமை காலை, பெருக்குவதற்காகத் திறந்திருந்த குழுவின் அரங்குக்குள் முப்பத்தெட்டுப் பேர் வரிசையாக ஏறினார்கள். தில்லைநாயகம் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது பின்னப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது? யாரக் கேட்டு இங்கன வந்த?"

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. பிள்ளையள் படிக்குதுல்லா?"

"இது கமிட்டி ஹாலு!"

"கல்வி கமிட்டிதான? கீழ பிள்ளையளோட ஆத்தா அப்பன்மாரு நிக்காங்க. எறக்கிவிடுததா இருந்தா நீங்களே அவங்க கண்ணு முன்னால எறக்கிவிடுங்க."

தில்லைநாயகம் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தறியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கரசுப்பும் நின்றிருந்தார். அண்ணாச்சி சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

அன்று மாலை பூமாரி டீச்சர் படிவத்தில் கிட்டங்கி முகவரியை அடித்துவிட்டு, வகுப்பு நடைபெறும் இடம் என்ற கட்டத்தில் அரங்கின் முகவரியை எழுதி, கையெழுத்துப் போட்டு, தென்காசிக்கு அனுப்பினார்.