மூன்று அகப்பைகள்

1979ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த வியாழக்கிழமை அவர் எங்கள் சமூகசேவை அலுவலகத்துக்கு வந்தார். கல்முனையில் ஒரு சங்கம் நடத்திய அநாதை இல்லத்தில் கஞ்சி காய்ச்சுபவர். மெலிந்த பெண். கதைக்குமுன் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிடுவார்.

அரிசியும் தேங்காயும் மண்ணெண்ணெயும் விலை ஏறிக்கொண்டே போயின. இல்லத்துக்கான அரசாங்க உதவிப்பணம் மட்டும் ஐந்து வருடமாக ஒரு சதமும் கூடவில்லை. அதிகாரியின் மேசையில் அவர் மூன்று தேங்காய்ச் சிரட்டை அகப்பைகளை வைத்தார். ஒன்றைவிட ஒன்று சிறியது.

"வெல ஏற ஏற அகப்பைய மாத்தினன் சேர்."

"புள்ளைக்கு ஒரு அகப்பை எண்டுதானே விதி, ராத்தா? உங்கட இல்லத்து அறிக்கை சரியாத்தான் இருக்கு."

"ஓம், அறிக்கைக்கு வயிறு நெறஞ்சிட்டு. இதவிடச் சின்னனாத் தேங்கா காய்க்காது சேர்."

அதிகாரி சிரித்துவிட்டு, உதவிப்பணத்தில் மாற்றமில்லை என்று எழுதச் சொன்னார். எழுதிய எழுதுவினைஞன் நான். சிறிய இரண்டையும் மேசையிலேயே விட்டு, பெரியதோடு அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து பெரிய அகப்பையாலேயே ஊற்றியிருக்கிறார். இருபதாம் திகதியே அந்த மாத அரிசி தீர்ந்தது. மதியம் கஞ்சிப் பானையை எங்கள் வாசலில் வைத்து, பிள்ளைகளைக் கோப்பைகளோடு வரிசையாக இருத்தினார். அதிகாரி பின்கதவால் போனார்.

முக்காட்டை இழுத்துவிட்டு, அகப்பையை என்னிடம் நீட்டினார்.

"எழுதின மகன் நீதானே? வா, நீயே ஊத்து."

பானையில் ஒன்றுமில்லை.